ரோட்டோரத்து வெள்ளைக் குச்சி

12.10.2001

காலையில் மாட்டைக் கட்டப் போனால் கொல்லை ஓரத்தில் ஒரு தகரப் போர்டு நிற்கிறது. பச்சை பெயின்ட், வெள்ளை எழுத்து. "கனகாம்பரம் வாடல் நோய் ஆராய்ச்சித் திடல். விவசாயி: திரு. கோதண்டம்." நான் அஞ்சாவதுதான் படித்தேன். இதைப் படிக்க அது போதும். நோய் என்கிற எழுத்து மட்டும் மற்றதைவிடப் பெரிசு.

விவசாயியாம். என் மகன் இருங்காட்டுக்கோட்டையில் கார் கம்பெனிக்கு பிரேக் சாமான் செய்கிறான். பூ வைத்தால்தான் அவனுக்கு எது கனகாம்பரம், எது கத்திரி என்று தெரியும். மண்ணில் குனிகிறவள் நான். ஆடி மாதம் காலேஜ்காரர்கள் வந்தபோது அவனை உட்கார வைத்துப் பேசினார்கள், அவனிடம் கையெழுத்து வாங்கினார்கள். நான் மோர் கொடுத்தேன். என் பங்கு அதோடு முடிந்தது.

நாத்தும் மருந்தும் அவர்களே தருகிறோம் என்றதால் நானும் சரி என்றேன். போன வருஷம் நடுக்கொல்லையில் கொஞ்சம் செடி வாடினது உண்மைதான். அதைப் பக்கத்துக் கொல்லை ராஜம்மாவிடம்கூட நான் சொன்னதில்லை. இப்போது பெங்களூர் பஸ்சில் போகிறவன் எல்லாம் படித்துக்கொண்டு போகிறான்.

13.10.2001

பேத்தியை ஸ்கூலில் கேட்டிருக்கிறார்கள். "உங்க ஆயாவுக்கு இன்னா நோய்?" என்று.

17.10.2001

ஆராய்ச்சி செய்கிற பெண் வந்தாள். பெயர் காந்திமதி. திருநெல்வேலிப் பக்கம். மறைமலை நகரில் ரூம் எடுத்துத் தங்கி, வாரத்துக்கு ஒரு நாள் பஸ் மாறி மாறி வருகிறாள். என்னை ஆச்சி என்கிறாள். கெட்ட பெண் என்று சொல்ல மாட்டேன். செருப்பை வரப்பிலேயே கழற்றிவிட்டுத்தான் பாத்தியில் இறங்குகிறாள்.

போர்டை எடுக்கச் சொன்னேன். "சார் வைக்கச் சொன்னாவ ஆச்சி, நான் என்ன செய்ய?" என்றாள்.

பாத்திக்குப் பாத்தி கலர் குச்சி நட்டிருக்கிறாள். சிவப்புக்கு வேப்பம்புண்ணாக்கு. நீலத்துக்கு ஏதோ ஒரு பொடி, சாணத்தில் கலந்து போடுகிறாள். மஞ்சளுக்கு ரெண்டும். வெள்ளைக்கு ஒன்றும் இல்லை. "வெள்ளைக் குச்சிக்கு மட்டும் தண்ணி தவிர எதுவும் போட்டுராதீய ஆச்சி. ஏன்னு அண்ணன்ட்ட எல்லாம் சொல்லியிருக்கு."

அண்ணன்ட்ட. சொல்லியிருக்காம்.

ராத்திரிச் சாப்பாட்டில் அந்த அண்ணனை, அதான் என் மகனை, கேட்டேன். "ஏதோ சொன்னாங்க யம்மா. நைட் ஷிப்ட் முடிச்சிட்டு வந்து தூக்கத்துல கேட்டேன். அவங்க இன்னா சொல்றாங்களோ செய்யேன்" என்கிறான்.

இன்னா சொல்றாங்களோ செய்யணுமாம். யாரும் என்கிட்ட சொல்லவே இல்லியே.

30.10.2001

கொல்லையை மூணு பாகமாகப் பிரித்து ஒவ்வொரு பாகத்திலும் நாலு கலரும் வருகிற மாதிரி போட்டிருக்கிறார்கள். ரோட்டுப் பக்கம் முதல் பாத்தி எதற்கு வரவேண்டும்? வெள்ளைக்கு வந்திருக்கிறது. கிணற்றடியில் எவனும் பார்க்காத இடத்தில் மஞ்சள் குச்சி கொழுகொழுவென்று நிற்கிறது. ரோட்டோரத்தில், போர்டுக்குக் கீழேயே, வெள்ளைக் குச்சிச் செடி ஒவ்வொன்றாகத் தலை தொங்குகிறது.

இன்று அவள் புண்ணாக்கும் பொடியும் போடும்போது பார்த்துக்கொண்டே இருந்தேன். சிவப்புக்குப் போட்டாள். நீலத்துக்கு, மஞ்சளுக்கு. வெள்ளையைத் தாண்டிப் போய்விட்டாள். பந்தியில் உட்கார்ந்தவன் ஒருத்தன் இலையை மட்டும் தாண்டிப் போனால் அந்த வீட்டில் யாராவது சாப்பிடுவார்களா? அந்தச் செடி என்ன பாவம் பண்ணுச்சு?

4.11.2001

ராஜம்மா வரப்பில் நின்று, "இன்னா கங்கம்மா, நோயி நோயின்னு போர்டு வெச்சிக்கினு ரோட்டுல குந்தினுகீற. பக்கத்துல ஒரு உண்டியலும் வெச்சிடேன், போற வர்றவங்க போடுவாங்க" என்றாள்.

வாளியைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விட்டேன். ஒருத்தி பேச்சுக்கு நான் இடத்தை விட்டுப் போனது என் கல்யாணத்துக்குப் பிறகு இதுதான் முதல் தடவை.

5.11.2001

போட்டுவிட்டேன். பழைய குடத்தில் புண்ணாக்கை ஊறவைத்து, கரைத்து, வெள்ளைக் குச்சிப் பாத்தி மூணுக்கும் ஊற்றிவிட்டேன். ரோட்டோரத்துக்கு மட்டும் ஊற்றினால் மற்ற ரெண்டும் என்ன நினைக்கும்?

என் கொல்லை. என் புண்ணாக்கு. யாரைக் கேட்கணும்?

12.11.2001

மறுபடி ஊற்றினேன். இனிமேல் அவள் வந்து போன மறுநாள் ஊற்றுவது என்று வைத்திருக்கிறேன்.

9.12.2001

வெள்ளைக் குச்சி நிமிர்ந்துவிட்டது. செத்தது செத்ததுதான். மற்றது துளிர்த்து, கதிர் விட்டு, பூவும் வைத்திருக்கிறது. ரோட்டோரம் ஆரஞ்சுக் கலரில் பார்க்கவே எப்படி இருக்கிறது. ராஜம்மா இப்போது அந்தப் பக்கம் பார்க்காமல் போகிறாள்.

6.1.2002

காந்திமதி ஒவ்வொரு பாத்தியிலும் ஒரு செடி பிடுங்கி வேரைக் கழுவிப் பார்த்தாள். மண்ணில் கண்ணுக்குத் தெரியாத நூல்புழு இருக்கிறதாம். அது வேரில் புகுந்தால் சின்னச் சின்ன முடிச்சாக வீங்குமாம். அந்த முடிச்சைத்தான் எண்ணுகிறாள். வெள்ளைக் குச்சிச் செடியை வெயிலில் தூக்கிப் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தாள்.

"ஆச்சி, இந்தப் பாத்தியில ஏதும் போட்டியளா?"

"நான் எதுக்குப் போடறேன்? நீதான் போடாதன்னு சொன்னியே."

"இல்ல, முடிச்சே காணும். அதாம் கேட்டேன்."

காப்பி போட்டுத் தந்தேன். பாதி குடித்துவிட்டு வைத்துவிட்டாள். சார் பொங்கல் கழித்துப் பார்க்க வருகிறாராம். வந்து சரி என்றால்தான் அவள் எழுதி முடிக்க முடியுமாம், படிப்பு முடியுமாம்.

செடி நல்லா இருந்தா சந்தோஷப்படாம இதுக்கு ஏன் மூஞ்சியைத் தூக்கி வெச்சிக்கணும்?

18.1.2002

சார் ஜீப்பில் வந்தார். வணக்கம்கூட கோதண்டத்துக்குத்தான். வெள்ளைக் குச்சியில் ஒரு செடி, சிவப்புக் குச்சியில் ஒரு செடி பிடுங்கினார். மண்ணைத் தட்டிவிட்டு ரெண்டையும் காந்திமதி முகத்துக்கு நேராக நீட்டினார்.

"எது எதும்மா? நீயே சொல்லு."

ரெண்டு வேரும் ஒரே மாதிரிதான் இருந்தது.

"குச்சியை மாத்தி நட்டிருக்க. இல்ல, வயலுக்கே வராம ரூம்ல உக்காந்து நம்பர் எழுதியிருக்க. ரெண்டுல எது?"

"வாரா வாரம் வந்திருக்கேன் சார். நான் மாத்தலை சார்."

"அப்ப யார் மாத்தினது, பூதமா?"

ஜீப் டிரைவர் சிரிக்கிறான். கோதண்டம் தரையைப் பார்க்கிறான். அந்தப் பெண் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கிறாள். வெயிலிலும் மழையிலும் செருப்பில்லாமல் இந்தச் சேற்றில் நின்றவளைப் பார்த்து ரூமில் உட்கார்ந்து எழுதினாய் என்கிறானே இந்த ஆள் என்று எனக்கு ஏறியது பாருங்கள் ஒரு ஏற்றம்—

"இன்னா சார், பொம்பளப் புள்ளைய நடுக் கொல்லையில நிக்க வெச்சி மானத்த வாங்கினுகீறீங்க? நான்தான் போட்டேன். மூணு பாத்திக்கும் புண்ணாக்கு கரைச்சி நான்தான் ஊத்தினேன். செடி வாடினாலும் திட்டுவீங்க, நல்லா கீதுன்னாலும் திட்டுவீங்களா?"

சார் கண்ணாடியைக் கழற்றினார். "எப்ப இருந்தும்மா?"

"தீபாவளிக்கு முன்ன இருந்து."

சிரித்தார். அதுதான் எனக்கு ஆறவில்லை. திட்டியிருந்தால்கூட நாலு பேச்சு பேசியிருப்பேன். சிரித்துவிட்டு அவளிடம், "போச்சு. ஒப்பிட்டுப் பாக்க ஒண்ணும் மிச்சமில்ல. எல்லாத்தையும் ஏறக்கட்டு" என்றார். போர்டையும் பிடுங்கி ஜீப்பில் போட்டார்கள்.

போகும்போது காந்திமதி சாரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள். "கேட்டேம்லா ஆச்சி" என்றாள். அவ்வளவுதான்.

19.1.2002

கோதண்டம் பேசவில்லை. பேசாவிட்டால் போகட்டும். கையெழுத்துப் போட்ட விவசாயி அவர்தானே.

20.1.2002

மருமகள் ஷாரோன் வேறே ஒரு கம்பெனியில் குவாலிட்டியில் வேலை செய்கிறாள். செய்து வருகிற சாமானைப் பொறுக்கி, கெட்டதைத் தள்ளுகிற வேலை. பாத்திரம் கழுவும்போது சொன்னாள்.

"அத்தே, எங்க லைன்ல ஒரு கெட்ட பீஸ் வெச்சிருப்பாங்க. சிவப்பு பெயின்ட் அடிச்சி, பூட்டி. ஷிப்ட் ஆரம்பிக்கும்போது அதைத்தான் முதல்ல செக்கிங் மெஷின்ல வுடுவோம். மெஷின் அதைத் தள்ளணும். தள்ளுச்சுன்னா மெஷின் சரியா கீதுன்னு அர்த்தம். எவனாவது நல்லது செய்றேன்னு அந்தக் கெட்ட பீஸை ராவி ராவி சரி பண்ணி வெச்சிட்டான்னு வெச்சிக்க. அப்புறம் மெஷினு நல்லதா கெட்டதான்னு எப்படித் தெரியும்?"

நான் தட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தேன்.

"வாடுறதுக்குன்னு நாலு செடிய வுட்டாதான், வாடாத செடி மருந்தால வாடலன்னு சொல்ல முடியும். அதான் அந்த வெள்ளைக் குச்சி."

இதை, பாத்திரம் கழுவுகிற நேரத்தில் சொல்லி முடித்துவிட்டாள். இதைச் சொல்ல இத்தனை மாசம் ஒருத்தனுக்கும் வாய் இல்லை. கோதண்டத்துக்குச் சொன்னார்களாம், கோதண்டம் தூங்கினானாம். நான் எதிரிலேயே மோர் சொம்போடு நின்றேனே, என்னிடம் சொன்னால் என்ன குறைந்துவிடும்?

"நீங்க கேட்டீங்களா அத்தே?"

கேட்கவில்லை. தெரியாது என்று அந்தச் சின்னப் பெண்ணிடம் எப்படிக் கேட்பது?

காந்திமதி என்னைக் கேட்டாளே. நேராகக் கேட்டாள். அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

2.2.2002

பூ நல்ல வரத்து. வெள்ளைக் குச்சிப் பாத்தியில்தான் அதிகம். பறிக்கப் பிடிக்கவில்லை. பறித்தேன்.

17.2.2002

காந்திமதி வரவில்லை. போன வாரமும் இல்லை. இனிமேல் எதற்கு வருவாள்?

3.3.2002

ஞாயிற்றுக்கிழமை. ஷாரோனுக்கு லீவு. அவளைக் கூட்டிக்கொண்டு ஸ்ரீபெரும்புதூரில் பஸ் பிடித்து, சிங்கப்பெருமாள் கோவிலில் இறங்கி, இன்னொரு பஸ்சில் மறைமலை நகர் போனேன். கம்பெனிக்குப் போகிற பெண்கள் நாலு பேரோடு ஒரே ரூமில் இருக்கிறாள் காந்திமதி. கொடி முழுக்க யூனிபார்ம் காய்கிறது.

என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். உட்காருங்க என்றாள். முகம் கொடுக்கவில்லை.

"சொல்லிக்காம வந்துடுவியா?" என்றேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். வாயில் வந்தது அதுதான்.

அப்போது பொரிந்தாள். "ஒங்களுக்கு என்ன ஆச்சி, ஒங்க செடி பூத்துட்டு. எனக்கு ஒரு வருசம் போச்சு. எங்கூடப் படிச்சவளுவ எல்லாம் முடிச்சுட்டுப் போறாளுவ. நான் திரும்ப எடம் தேடணும், நாத்து விடணும், முதல்ல இருந்து செய்யணும். ஒரு வார்த்த சொல்லியிருந்தா நவம்பர்லயே மாத்தி நட்டிருப்பேன்லா. கேட்டேன், பொய் சொன்னிய."

பக்கத்துப் பெண்கள் தலையை வாருவதை நிறுத்திவிட்டார்கள். என்னை இப்படிப் பேசினவர்கள் யாரும் இல்லை. பேசட்டும் என்று இருந்தேன். அதுவே எனக்குப் புதுசு.

அவள் முடித்தபிறகு சொன்னேன். "கத்திரி போட்ட கீழண்டைத் துண்டு கீது. அந்த வேருலயும் முடிச்சு கீது, நேத்து புடுங்கிப் பாத்தேன். ஆடிக்கு எடுத்துக்கோ. கையெழுத்து நான் போடறேன்."

யோசித்துச் சொல்கிறேன் என்றாள். வாசல்வரை வந்தாள். சிரிக்கவில்லை.

21.4.2002

வந்தாள். கத்திரி வேரைப் பிடுங்கிப் பார்த்தாள், மண்ணைப் பையில் கட்டி எடுத்துப் போனாள். சாப்பிடச் சொன்னேன். சாப்பிட்டு வந்துவிட்டேன் என்றாள். பொய். வயிறு காட்டிக்கொடுத்தது. வற்புறுத்தவில்லை.

16.6.2002

சார் சம்மதித்தாராம். கையெழுத்துப் போட்டேன். அ. கங்கம்மாள். போர்டிலும் அப்படியே எழுதவேண்டும் என்றேன். நோய் என்ற எழுத்தைச் சின்னதாகப் போடச் சொல்லட்டுமா என்று காந்திமதி கேட்டாள். எழுதுகிறபடி எழுது என்றேன்.

28.7.2002

எந்தப் பாத்திக்கு எந்தக் குச்சி என்பதை மனிதர் இஷ்டத்துக்கு வைக்கக் கூடாதாம். நல்ல மண்ணாகப் பார்த்துத் தன் மருந்தை வைத்துவிடுவான் என்று. அதனால் சீட்டுக் குலுக்கித்தான் வைப்பார்களாம். போன தடவை காலேஜிலேயே குலுக்கிவிட்டார்கள். இந்தத் தடவை கொல்லையில், என் சொம்பில். என்னையே எடுக்கச் சொன்னாள்.

கீழண்டைத் துண்டுக்கும் முதல் பாத்தி ரோட்டுப் பக்கம்தான். முதல் சீட்டு எடுத்தேன். பிரித்தேன்.

வெள்ளை.

ராஜம்மா வேலியில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "அடியம்மா, உன் கை ராசியே ராசி" என்றாள்.

காந்திமதி என் முகத்தைப் பார்த்தாள். குரலைத் தாழ்த்தி, "ஆச்சி, இன்னொரு தரம் குலுக்குவமா? நோட்டுல இன்னும் ஏத்தலை. கிணத்துப் பக்கம் போயிட்டா ஒங்களுக்கும் நல்லது. யாருக்கும் தெரியாது" என்றாள்.

எனக்கு வந்ததே கோபம்.

"யாருக்கும்னா? எனக்குத் தெரியாதா? உனக்குத் தெரியாதா? இன்னா பேச்சு பேசற. மறுபடி ஊத்திடுவன்னுதானே பயப்படற?"

"அப்படி இல்ல ஆச்சி..."

"அப்படித்தான். எழுது. ரோட்டோரம் வெள்ளை. எழுதினியா? காட்டு."

காட்டினாள். படித்துப் பார்த்துவிட்டு ரெண்டாவது சீட்டை எடுத்தேன்.

மத்தியானம் கேட்காமலே தட்டு எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கத்திரிக்காய்க் குழம்பு. ரெண்டாம் தரமும் சோறு வாங்கினாள்.

4.8.2002

நாத்து நட்டு முடித்தோம். சிவப்புக்கும் நீலத்துக்கும் மஞ்சளுக்கும் போடவேண்டியதை அவள் போட்டாள். ரோட்டோரத்துக்கு நான் தண்ணீர் மட்டும் விட்டேன். இப்போதைக்குப் பச்சையாகத்தான் நிற்கிறது, பாவம்.