இன்ஜின் ஓடிக்கொண்டிருந்த பதினைந்து நிமிடம்

பிளானோ
நவம்பர் 14

அன்பு மகள் ஆஃபீஃபாவுக்கு உம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் உன் வாப்பாவும் இங்கே சுகம். நீயும் மாப்பிள்ளை ஜைதும் அந்த நியூ ஜெர்சிக் குளிரில் சளி, இருமல் அண்டாமல் இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். வாப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, ஆனால் நடக்கச் சொன்னால் மட்டும் திரும்பி வந்துவிடுகிறது. போன ஞாயிற்றுக்கிழமை அவர் அனுப்பிய போட்டோவைப் பார்த்துவிட்டு, "என்ன உம்மா இது, உங்க பஸ் இன்ஜின்ல ஓட்டையப் போட்டுட்டு பக்கத்துல நின்னு சிரிக்கிறீங்க?" என்று நீ கேட்டாய். நான் அடுப்பில் பால் பொங்குகிறது என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். பால் ஒன்றும் பொங்கவில்லை. போனில் சொல்லக்கூடிய விஷயமாக அது எனக்குத் தோன்றவில்லை, அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நடந்தது ஜனவரியில். நான் ஆறு வருஷமாக ஓட்டிய அந்த டீசல் ஸ்கூல் பஸ் உனக்குத் தெரியும், ஸ்டார்ட் பண்ணினால் பின்னால் கறுப்பாகப் புகை கக்கும், பர்தாவைத் துவைத்தாலும் வாடை போகாது. ஸ்கூல் வாசலில் மணியடித்துக் கதவு திறக்கும் வரை பஸ்கள் வரிசையாக நிற்கும். ஐந்து நிமிடத்துக்கு மேல் நின்றால் இன்ஜினை அணைக்க வேண்டும் என்று டிரெய்னிங்கிலேயே சொல்லியிருந்தார்கள். ஆனால் அன்றைக்கு எலும்பைத் துளைக்கிற குளிர், இன்ஜினை அணைத்தால் ஹீட்டர் நின்றுவிடும், பிள்ளைகள் நடுங்குமே என்று நான் அணைக்கவில்லை. எனக்கு முன்னால் நின்ற பஸ்ஸும் அணைக்கவில்லை, அதன் புகை எங்கள் பஸ்ஸுக்குள் வந்துகொண்டிருந்தது. பதினைந்து நிமிடம் இருக்கும். பின் சீட்டிலிருந்து ஒரு பெண், "மிஸ் ஹபீஸா, ஷீ கான்ட் ப்ரீத்!" என்று கத்தினாள். ஓடிப் போய்ப் பார்த்தால் ஸ்வர்ணா. எட்டு வயது, கோயம்புத்தூர்க்காரப் பிள்ளை, நான் தமிழில் பேசினால் இங்கிலீஷில் பதில் சொல்லும். உதடு நீலம் பாரித்துவிட்டது, நெஞ்சு மேலும் கீழும் அடிக்கிறது, சத்தம் மட்டும் வரவில்லை. இன்ஜினை அணைத்துவிட்டு அவளைத் தூக்கிக்கொண்டு புகை இல்லாத புல்தரைக்கு ஓடினேன், அவள் பையிலிருந்த இன்ஹேலரைக் கொடுத்தேன், ஆம்புலன்ஸ் வந்தது. இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்து பிள்ளை பிழைத்துவிட்டது, அல்ஹம்துலில்லாஹ்.

அவளுக்கு ஏற்கெனவே ஆஸ்துமா, சளியும் பிடித்திருந்தது, புகையும் சேர்ந்துகொண்டது, எது எவ்வளவு என்று யாராலும் சொல்ல முடியாது என்று டாக்டர்கள் சொன்னார்களாம். எங்கள் டிப்போ மேனேஜர் பிரெண்டா நல்ல மனுஷி. இதில் யார் மேலும் தப்பில்லை ஹபீஸா, நீ வீட்டுக்குப் போய்த் தூங்கு என்றார். எனக்கு எங்கே தூக்கம் வரும். பழைய டீசல் பஸ்களை மாற்ற அரசாங்கமே உதவி தருகிற ஒரு திட்டம் இருக்கிறது, இரண்டு தடவை அப்ளை பண்ணியும் குலுக்கலில் நம் பெயர் விழவில்லை, இந்த வருஷம் ஸ்கூல் போர்டு இனி வேண்டாம் என்று விடப்போகிறது என்றும் அவர்தான் சொன்னார். போர்டு மீட்டிங்கில் யார் வேண்டுமானாலும் எழுந்து மூன்று நிமிடம் பேசலாமாம். நான் பெயர் கொடுத்துவிட்டேன்.

உன் வாப்பா என்ன சொன்னார் தெரியுமா, "புகையப் பத்திப் பேசு, பஸ்ஸு பழசுன்னு பேசு. நீ இன்ஜின ஆஃப் பண்ணலேங்கிறத மட்டும் வாயத் திறக்காத. வேலை போயிடும்." அவர் பயந்ததில் நியாயம் இருக்கிறது. ஆனால் மைக் முன்னால் நின்றதும், அதைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் எல்லாப் பழியையும் வண்டி மேல் போடுகிற மாதிரி இருந்தது. எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன், நான்தான் இன்ஜினை ஓட விட்டேன், குளிருக்காக ஓட விட்டேன், நான் அணைத்தால் பிள்ளைகள் நடுங்கும், அணைக்காவிட்டால் மூச்சு முட்டும், இந்த பஸ்ஸில் எனக்கு வேறு வழியில்லை என்று. திரும்பி நடக்கும்போதுதான் பார்த்தேன், மூன்றாவது வரிசையில் ஸ்வர்ணாவின் அம்மா சாந்தி. என்னை ஒரு பார்வை பார்த்தாள், பையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

அதற்குப் பிறகு மூன்று வாரம் ஸ்வர்ணா பஸ்ஸில் ஏறவில்லை. ஸ்டாப்பில் நின்று கதவைத் திறந்து மூடிவிட்டுப் போவேன். எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டேன், அது எனக்கு வர வேண்டியதுதான். பிறகு ஒரு திங்கட்கிழமை சாந்தியே பிள்ளையைக் கூட்டிக்கொண்டு நிற்கிறாள். "ஆன்ட்டி, அன்னைக்கு உங்க மேல அவ்ளோ கோவம். வீட்டுக்குப் போய் அழுதேன். ஆனா நீங்க சொல்லலைன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காது. உண்மையச் சொல்ற ஆள்கிட்டதான் இவள விட முடியும்" என்றாள். ஸ்வர்ணா நேராக வந்து எனக்குப் பின்னால் இருந்த முதல் சீட்டில் உட்கார்ந்துகொண்டாள்.

போர்டு மறுபடியும் அப்ளை பண்ணியது, ஆகஸ்டில் ஐந்து பஸ்ஸுக்கு நம் பெயர் விழுந்தது. அதற்கு ஒரு நிபந்தனை. பழைய வண்டியை யாருக்கும் விற்கக் கூடாது, இன்ஜினில் மூன்று அங்குலத்துக்கு ஓட்டை போட்டு, அடிச்சட்டமான சேஸிஸை அறுத்து, போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும். ஓடுகிற வண்டியைக் கொல்வதா என்று எனக்கு முதலில் மனசு கேட்கவில்லை. விற்றால் இதே புகை வேறு ஊர்ப் பிள்ளைகளுக்குத்தானே போகும் என்றார் பிரெண்டா. அறுக்கிற அன்றைக்கு நானும் வருகிறேன் என்று கேட்டுப் போய் நின்றேன், அந்தப் போட்டோதான் நீ பார்த்தது. புது பஸ் எலக்ட்ரிக். சத்தமே போடாமல் நிற்கிறது, ஹீட்டரும் ஓடுகிறது. டிப்போவில் இன்னும் ஆறு பழைய பஸ் இருக்கிறது, அதற்கும் எழுதிப் போட்டிருக்கிறார்கள், துஆ செய்.

நீ காலையில் கராஜ் கதவை மூடிவைத்துக்கொண்டு காரை ஸ்டார்ட் பண்ணிச் சூடேற்றுகிறாய் என்று ஜைத் வாய் தவறிச் சொல்லிவிட்டார். இனிமேல் செய்யாதே, வெளியே எடுத்து நிறுத்து, குளிர்ந்தால் குளிரட்டும். மாப்பிள்ளையைத் திட்டாதே. வாப்பா உங்கள் இருவருக்கும் ஸலாம் சொல்லச் சொன்னார். அல்லாஹ் உங்களுக்கு நீண்ட ஆயுளையும் நல்ல உடம்பையும் மனசு நிறைந்த வாழ்க்கையையும் தரட்டும்.

இதையெல்லாம் ஏன் அப்போதே சொல்லவில்லை என்று கேட்பாய். நீ வேலையை விடச் சொல்லுவாய் என்பதற்காக இல்லை. உன் முகத்தைப் பார்த்து இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது கண்ணு. முன்பின் தெரியாதவர்கள் நிறைந்த ஹாலில் மூன்று நிமிடத்தில் சொல்லிவிட்டேன், பெற்ற மகளிடம் சொல்லப் பத்து மாதம் ஆகிவிட்டது.

உன் துஆவை எதிர்பார்க்கும்,
உம்மா ஹபீஸா