சமர்த்துக்கு ஆங்கிலத்தில் என்ன?

மார்ச் 4, செவ்வாய்

குடும்ப நீதிமன்றத்தில் இன்று மூன்று வழக்கு. மூன்றுக்கும் நான்தான் தமிழ்-ஆங்கில மொழிபெயர்ப்பாளர். இன்னொருவர் காய்ச்சல் என்று விடுப்பு. கடைசி வழக்கு முடியும்போது மணி நாலே முக்கால். நாக்கு மரத்துப்போயிருந்தது.

ஐந்து வயதுப் பெண் குழந்தை யாரிடம் வளர்வது என்ற வழக்கு அது. மாமியார், சொந்த மகனுக்கு எதிராக மருமகள் பக்கம் சாட்சி சொல்ல வந்திருந்தார். இருபது வருடத்தில் இப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை. கூண்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பேசினார். குரல் நடுங்கவில்லை.

வீட்டுக்கு வந்து கால்களை வெந்நீரில் வைத்தேன். இவர் என்னென்னவோ கேட்டார். பேச முடியவில்லை என்று கையைக் காட்டினேன்.

மார்ச் 11, செவ்வாய்

வேலை. தலைவலி. வேறொன்றுமில்லை.

மார்ச் 20, வியாழன்

இடைக்கால உத்தரவு வந்துவிட்டது. குழந்தை அப்பாவிடம்.

மாமியாருக்கும் மருமகளுக்கும் ஆங்கிலம் சரிவராது. உத்தரவைத் தமிழில் படித்துச் சொல்வது என் வேலை. தாழ்வாரத்தை ஒட்டிய சின்ன அறை, மூன்று நாற்காலி. நாலாவது பக்கத்தில் அந்த வரி: பெண்ணுக்காகச் சாட்சி சொல்ல வந்த மாமியாரே அவரை ‘ஷ்ரூட்’ என்றுதான் வர்ணித்தார், ஆகவே அந்தப் பெண் சொல்வதை எச்சரிக்கையோடுதான் எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. படித்துக்கொண்டே போனதில் வாய் தானாகச் சொல்லிவிட்டது: “காரியக்காரி.”

மாமியார் நிமிர்ந்து பார்த்தார். “நான் அப்படிச் சொல்லலையேம்மா. சமர்த்துன்னுதானே சொன்னேன்?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த ஆங்கில வார்த்தை நீதிபதியுடையது இல்லை. என்னுடையது. அன்று அவர் சொன்னது, “என் மருமக சமர்த்து. எதையும் சமாளிச்சிடுவா.” நான் கொடுத்தது ஷ்ரூட்.

“சட்டத்துல இப்படித்தான் எழுதுவாங்க” என்றேன். பொய். கூசாமல் வந்த பொய்.

மருமகள் அழவில்லை. குழந்தையின் துணிமணியை எத்தனை மணிக்குள் கட்டிவைக்க வேண்டும் என்று மட்டும் கேட்டாள்.

மார்ச் 21, வெள்ளி

சாப்பிடப் பிடிக்கவில்லை. வேற வார்த்தையே கிடைக்கலையா உனக்கு?

மார்ச் 23, ஞாயிறு

இத்தனை வருடமாக இந்தச் சொற்களோடு குடித்தனம் நடத்துகிறேன். எல்லாமே ‘புத்திசாலி’தான் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். எங்கே? இன்டெலிஜென்ட் மூளையைப் பற்றிய பேச்சு. ஆள் நல்லவரா கெட்டவரா என்று அது வாய் திறக்காது. ப்ரைட் சின்னவர்களைத் தட்டிக்கொடுப்பது — அறுபது வயதுக்காரரிடம் சொன்னால் முகம் சுருங்கும். க்ளெவர் பாராட்டுதான், ஆனால் முன்னால் ஒரு ‘டூ’ போட்டால் வசவு. ஸ்மார்ட் உடுப்பையும் சேர்த்துப் பார்க்கும். வைஸ் என்று சொல்ல நாலு நரைமுடியாவது வேண்டும். ஷ்ரூட் — அடுத்தவரை எடைபோட்டுத் தன் காரியத்தைச் சாதித்துக்கொள்பவர். வியாபாரிக்குச் சொன்னால் சந்தோஷப்படுவார். பிள்ளையைக் கொடுங்கள் என்று நிற்கிற தாய்க்கு?

சமர்த்து இதில் எதுவுமில்லை. குழந்தையைப் பார்த்து ‘சமர்த்தா இரு’ என்கிறோமே, அந்த வாஞ்சை அதில் இருக்கிறது. கெட்டிக்காரத்தனமும் நல்ல குணமும் அதற்குள் ஒன்றாகவே இருக்கின்றன. ‘சமாளிச்சிடுவா’ என்று அடுத்து வந்ததும் அது என்னைத் தந்திரத்தின் பக்கம் இழுத்துவிட்டதா? கேப்பபிள் என்றிருக்கலாம். பாதியாவது தேறியிருக்கும்.

சோர்வு என்று சொல்லலாம். சோர்வுதான். ஆனால் குழந்தை போனது போனதுதானே.

ஏப்ரல் 2, புதன்

இவரிடம் சொல்லிவிட்டேன். லிஃப்ட் மெக்கானிக்கிடம் சொற்களைப் பற்றி என்ன பேசுவது என்று இத்தனை நாள் தள்ளிப்போட்டேன். முழுதும் கேட்டார். “ஒரு போல்ட்டைச் சரியா முடுக்கலைன்னு தெரிஞ்சும் வீட்டுக்கு வந்துட்டா, நான் சோறு திங்க மாட்டேன். போய் முடுக்கிட்டுத்தான் வருவேன்” என்றார். வேலை போய்விடும் என்றேன். போகலாம் என்றார்.

ஏப்ரல் 7, திங்கள்

நீதிமன்றப் பதிவாளரைப் பார்த்தேன். யாராவது புகார் கொடுத்திருக்கிறார்களா என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. இல்லை என்றதும், யாருமே கேட்காததை நீங்களே ஏன் கிளப்புகிறீர்கள் என்றார். நல்ல மனுஷன்தான். இதை ஒப்புக்கொண்டால் நீங்கள் மொழிபெயர்த்த பழைய வழக்குகளையும் ஒவ்வொருவராகத் தோண்டுவார்கள் என்று எச்சரித்தார். உண்மை. எனக்கும் அதுதான் பயம்.

எழுதிக் கொடுத்தேன். அன்றைய சாட்சியத்தின் ஒலிப்பதிவை வேறொருவரைக் கொண்டு கேட்கச் சொல்லி, கையெழுத்துப் போட்டேன். விசாரணை முடியும்வரை என் பெயர் மொழிபெயர்ப்பாளர் பட்டியலில் இருக்காது.

ஏப்ரல் 8, செவ்வாய்

அழைப்பு எதுவும் வரவில்லை. அலமாரியைத் துடைத்தேன்.

மே 13, செவ்வாய்

ஒலிப்பதிவு கேட்டாயிற்றாம். மறுபடி சாட்சியம் எடுக்கப்போகிறார்கள். இன்னும் மூன்று வாரம். ஏன் இத்தனை மெதுவாக?

ஜூன் 5, வியாழன்

முதலில் என்னைக் கூப்பிட்டார்கள். ஷ்ரூட் இல்லையென்றால் எந்த வார்த்தை என்று நீதிபதி கேட்டார். ஒரே வார்த்தையில் சொல்ல முடியாது என்றேன். விளக்கினேன். மகனின் வக்கீல், அன்று இல்லாத நிச்சயம் இன்று எப்படி வந்தது என்றார். களைத்திருந்தேன், கவனிக்கவில்லை, தப்பு என்னுடையது என்றேன். இருபது வருடத்தில் அந்த அறையில் என் சொந்த வாக்கியத்தைச் சொன்னது இன்றுதான்.

பிறகு மாமியார். மொழிபெயர்த்தது ஒரு இளம்பெண். மருமகள் எப்படிப்பட்டவர் என்று திரும்பவும் கேட்டார்கள்.

“அவளுக்குப் பேரு வைக்க நான் வரலைங்க. புள்ளைய எப்படி வளர்த்தான்னு கேளுங்க, சொல்றேன்” என்றார்.

நாற்பது நிமிடம் சொன்னார். குழந்தைக்குக் காது வலி வந்த வாரம் மருமகள் உட்கார்ந்தபடியே தூங்கியது. இரண்டு வேலைக்கு நடுவே பள்ளிக்கு ஓடியது. மகன் கத்தும்போது குழந்தையைப் பக்கத்து அறைக்குக் கொண்டுபோய்ப் பாட்டுப் பாடியது. அதைச் சொல்லும்போது மகனைப் பார்க்கவில்லை.

மாலையிலேயே உத்தரவு. குழந்தை அம்மாவிடம்.

தாழ்வாரத்தில் மருமகள் என் முன்னால் வந்து நின்றாள். நன்றி சொல்வாள் என்று ஒரு கணம் நினைத்தேன். வெட்கமாக இருக்கிறது.

“நீங்க சொல்லாமலே இருந்திருக்கலாம். சொன்னீங்க. அது எனக்குத் தெரியுது” என்றாள். “ஆனா பதினோரு வாரம்க்கா.”



ஜூன் 17, செவ்வாய்

பதிவாளரிடமிருந்து கடிதம். இனி அழைக்க மாட்டார்கள். நேர்மையைப் பாராட்டி ஒரு வரி. மடித்து இழுப்பறையில் வைத்தேன்.

மத்தியானம் படுத்தவள் அப்படியே தூங்கிவிட்டேன். எழுந்தபோது இவர் வேலையிலிருந்து வந்து, நான் முழித்துக்கொள்ளாமல் இருக்கச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்துகொண்டிருந்தார்.