அத்தானை ஏற்றாத மரம்

ஜூன் 4

பிரியமுள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். வேலைக்குப் போன அந்தப் பெரிய வீட்டில் படுத்த படுக்கையாய் இருக்கும் வீட்டுக்கார அம்மாவைக் கவனிக்கிறேன் என்று நீ வேளைக்குச் சாப்பிடாமல் இருக்கிறாயோ என்பதுதான் கவலை. அந்த வீட்டார் உன்னைப் போனும் எடுக்க விடமாட்டோம் என்கிறார்கள்.

அத்தானைப் பற்றிக் கேட்டிருந்தாய். இந்த ஆஸ்பத்திரித் தோட்டத்தில் மச்சினிச்சிக்குக் கீழே வேலை பார்க்கும் கொடுமையை நன்றாகவே தாங்கிக்கொள்கிறார். ஆட்கள் முன்னால் "சரிங்க மேடம்" என்பார். சாப்பிட உட்கார்ந்தால், "ஏ குட்டி, அந்தத் தண்ணி பாட்டில இங்க தள்ளு" என்பார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியாது.

ஆனால் சில நாளாய் எனக்குத் தூக்கமில்லை. குழந்தைகள் வார்டுக்குப் போகும் பாதையில் பெரிய தூங்குமூஞ்சி மரம் ஒன்று நிற்கிறது. போன மழைக்கு அது இரண்டாய்ப் பிரியும் இடத்தில் வெடித்துவிட்டது. என் கை உள்ளே போகிறது, அக்கா. கொஞ்சம் காற்றடித்தாலும் போட்ட வேலையைப் போட்டபடி அங்கே ஓடுகிறேன். பத்து நாளைக்குள் அந்த வெடித்த கிளையை இறக்கச் சொல்லி ஆஸ்பத்திரி அலுவலகத்தில் உத்தரவு. கிரேன் நுழைய இடமில்லை. ஆள்தான் ஏறியாக வேண்டும். மரம் ஏறுகிறவர்கள் இரண்டே பேர். அத்தான், அப்புறம் நெட்டை. நெட்டை இந்த வருஷம் வந்தவன். சின்னக் கிளைகள்தான் கழித்திருக்கிறான்.

அத்தானிடம் இன்னும் சொல்லவில்லை.

உன் தங்கை

ஜூன் 8

என் கண்ணுக்கு,

உன் கடிதம் பார்த்ததிலிருந்து கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவரை ஏற்றாதே. வெடித்த மரம் எந்தப் பக்கம் சாயும் என்று யாருக்குத் தெரியும்? ஏதாவது சாக்குச் சொல்லி வேறு பக்கம் அனுப்பிவிடு. நெட்டை வயசுப் பையன்தானே, ஏறட்டும். அவரிடம் கேட்டால் நான்தான் ஏறுவேன் என்று நிற்பார். கேட்காதே.

எனக்கு அவரை விட்டால் யார் இருக்கிறார்கள்? உன்னை வளர்த்தவள் கேட்கிறேன். இதுவரை உன்னிடம் எதுவும் கேட்டதில்லை.

அக்கா

ஜூன் 15

அக்கா,

அத்தான் நன்றாக இருக்கிறார். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

நீ சொன்னபடியே செய்தேன். காலையில் வேலை பிரிக்கும்போது அவரைப் பின்வாசல் வேலிச்செடி வெட்டச் சொன்னேன். கையில் கயிற்றோடு நின்றவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "சரிங்க மேடம்" என்று கயிற்றை நெட்டையிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

கனத்த கிளைக்கு முதலில் அதன் கீழ்ப்பக்கம் ஒரு வெட்டுப் போட்டுவிட்டு, பிறகுதான் மேலே அறுக்க வேண்டும்; இல்லாவிட்டால் கிழியும். நெட்டையிடம் சொல்லித்தான் அனுப்பினேன். பயத்தில் மறந்தானோ என்னவோ, மேலிருந்தே தொடங்கிவிட்டான். கத்தினேன். மெஷின் சத்தத்தில் கேட்கவில்லை. கிளை பாதியில் கிழிந்து, அவன் காலைத் தண்டோடு சேர்த்து நசுக்கிவிட்டது. பெல்ட் இருந்ததால் விழவில்லை. அப்படியே தொங்கினான். அவன் மனைவியும் என் ஆள்தான், நாற்றுக்குத் தண்ணீர் விடுகிறவள். கையில் குழாயோடு பார்த்துக்கொண்டு நின்றாள். குழாயை மூட அவளுக்குத் தோன்றவில்லை. தண்ணீர் பாதையெல்லாம் ஓடியது.

சத்தம் கேட்டு அத்தான் ஓடி வந்தார். யாரையும் கேட்கவில்லை. அதே மரத்தில் ஏறி, கிளையைத் தறித்து, அவனைத் தோளில் கட்டி இறக்கினார். 

நெட்டை பிழைத்துவிட்டான். வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை.

அத்தான் கேட்டார்: "என்னைய ஏன் பின்வாசலுக்கு அனுப்பின?"

"அக்கா எழுதியிருந்தா, அத்தான்."

"நெட்டை பொண்டாட்டியும் உன் கீழதான வேலை செய்யறா. அவ உனக்கு லெட்டர் எழுதலயே" என்றார். அதற்குப் பிறகு என்னோடு பேச்சில்லை. வார்டில் நெட்டை பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார்.

வியாழக்கிழமை விசாரணை. மேனேஜர் கூப்பிட்டு, "நான் சொன்னதக் கேக்காம அவனா ஏறிட்டான்னு சொல்லிடுங்க. உங்களுக்கு ஒண்ணும் வராது" என்றார். சொன்னால் நெட்டைக்கு ஒன்றுமே கிடைக்காது. சொல்லாவிட்டால் என் வேலை போகும். 

தங்கை

ஜூன் 19

என் கண்ணுக்கு,

கடிதத்தின் முதல் வரியைப் படித்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். என் வீட்டு விளக்கு அணையவில்லை. அந்தப் பையனை நினைத்தாலும் பாவமாகத்தான் இருக்கிறது. ஆனால் உயிரோடு இருக்கிறான் அல்லவா? நீ அசட்டுத்தனமாக எதையும் உளறி வைக்காதே. மேனேஜர் சொல்கிறபடி சொல். போன கால் திரும்பி வரப்போவதில்லை. உன் வேலையாவது மிஞ்சட்டும்.

ஞாயிற்றுக்கிழமை இந்த வீட்டுப் போனிலிருந்து கூப்பிட்டேன். அவர் எடுக்கவில்லை. என்னிடம் பேசச் சொல்லு. நான் செய்ததில் என்ன தப்பு? எந்தப் பெண்டாட்டியும் செய்வதுதானே?

அக்கா

ஜூன் 27

அக்காவுக்கு,

உன் கடிதம் வருமுன்பே விசாரணை முடிந்துவிட்டது. அனுபவமில்லாதவனை நான்தான் தெரிந்தே ஏற்றினேன் என்று சொன்னேன். "ஏன்?" என்று கேட்டார்கள். "ஏற வேண்டியவர் என் அக்கா வீட்டுக்காரர்" என்றேன். உன் கடிதத்தைப் பற்றிப் பேசவில்லை. நெட்டையின் வைத்தியத்தை ஆஸ்பத்திரியே பார்த்துக்கொள்ளும். என்னை மேற்பார்வையிலிருந்து எடுத்துவிட்டார்கள். இப்போது புல்வெட்டும் மெஷின் தள்ளுகிறேன்.

நெட்டையின் மனைவியிடம் போய் நின்றேன். அவள் திட்டவில்லை. "தெரியும்க்கா. அன்னிக்குக் காலையில உங்க அத்தான பின்வாசலுக்கு அனுப்பினப்பவே தெரியும்" என்றாள். தெரிந்தும் ஒரு வார்த்தை என்னிடம் கேட்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

அத்தானிடம் நீ கூப்பிட்டதைச் சொன்னேன். "பேசறேன்" என்றார். எப்போது என்று நான் கேட்கவில்லை.

நீ தப்பு செய்ததாக நான் சொல்லவில்லை. நீ பயந்தாய், கேட்டாய். ஆனால் இனி எனக்கு எழுதாதே, அக்கா. ஆறு மாதம் கழித்து ஆட்களை மறுபடி என் கையில் கொடுத்தாலும் கொடுப்பார்கள். அன்றைக்கு நீ கேட்டால் நான் மறுபடியும் செய்துவிடுவேன். இப்போது எனக்கு மரத்தைப் பார்த்துப் பயமில்லை. அப்படிச் செய்துவிடுவேன் என்பதை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள். வேளைக்குச் சாப்பிடு.

உன் தங்கை