உன் கண்ணுக்குத் தெரிந்த கேமரா

நீ போய்ச்சேர்ந்து மூன்று மாதம் கழித்து, உன் பீரோவிலிருந்த கேமராவை உன் அம்மா என் மடியில் வைத்துவிட்டுப் போனார்கள். பையைத் திறந்ததும் அந்துருண்டை வாசம். கண்ணில் வைத்தேன். ஜன்னல், எதிர்வீட்டுத் துணிக்கொடி, எல்லாம் ஒரே புகைமூட்டம். கெட்டுப்போச்சு என்று சிவாஜிநகர் ரிப்பேர்க் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

"ஏனூ ஆகில்ல அக்கா, கேமரா நல்லாத்தான் இருக்கு" என்றார் ரிப்பேர்க்காரர், கன்னடமும் தமிழும் கலந்து. கண் வைக்கிற இடத்துப் பக்கத்தில் ஒரு சின்னச் சக்கரம். "பார்க்கிறவங்க பவருக்குத் தகுந்தாப்பல திருப்பிக்கறது. இதை வச்சிருந்தவங்களுக்குப் பார்வை நல்லாவே கம்மி. கண்ணாடி போடலையா அவங்க?"

போடலையே. நான் எங்கே போடவிட்டேன்?

அந்தப் பெரிய கடை ஞாபகம் இருக்கா? கார்மென்ட்ஸில் ஒரே லைனில் தைக்கிற நாம் ரெண்டு பேரும் ஞாயிற்றுக்கிழமைப் புடவையில் ஏசிக்குள் போய் நின்றோம். லைன்காரிகள் வீட்டு விசேஷமெல்லாம் இனி நீதான் படம் எடுப்பாய் என்று எல்லோரிடமும் சொல்லியாகிவிட்டது. கடைக்காரன் மெகாபிக்சல், லென்ஸ் என்று பாடம் நடத்தினான். நான் ஏழாவதோடு நின்றவள், நீ அதுக்கும் ஒரு வகுப்பு கம்மி. ஒவ்வொன்றாகக் கண்ணில் வைத்து உதட்டைப் பிதுக்கினாய்.

"மங்கலா இருக்குடி."

நான் வாங்கிப் பார்த்தேன். பளிச்சென்று தெரிந்தது, எதிர் அலமாரியின் விலைச்சீட்டு உட்பட. ஆனால் டை கட்டினவனைக் கலாய்க்கிற வாய்ப்பை நான் விடுவேனா? "ஆமாண்டி, ஒரே மங்கல். இன்னும் நாலு காட்டுங்க சார்" என்றேன். நாலும் மங்கல் என்றாய். நாலுக்கும் தலையாட்டினேன். பஸ் ஏறுகிற வரைக்கும் சிரித்தேன். என்னவென்று தெரியாமலே நீயும் கூடச் சிரித்தாய்.

அப்புறம் சிவாஜிநகரில் இந்தப் பழைய கேமரா. யாரோ திருப்பி வைத்துவிட்டுப் போன சக்கரம் உன் கண்ணுக்கு ஒத்துப்போயிருக்கிறது. "இதாண்டி கேமரா!" என்று கத்தினாய். வாங்கிப் பார்த்தேன், எனக்கு மங்கல். "பிரமாதம்" என்றேன். உன் சந்தோஷத்தைக் கெடுப்பானேன்?

மிஷின் ஊசியில் நூல் கோர்க்க நீ கூப்பிட்டபோதெல்லாம் "வந்துட்டேன் கிழவி" என்றேன். விரலைத் தைத்துக்கொண்ட பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனாய். சர்க்கரை கண்ணையும் கிட்னியையும் தின்று முடித்திருந்தது. "முன்னாடியே வந்திருக்கணும்மா" என்றார் டாக்டர். பக்கத்தில்தான் நின்றேன்.

கண் தெரியாமல் படுத்திருந்தபோதும் கேட்டாயே: "அந்த ஏசி கடைக்காரன் நம்மள நல்லா ஏமாத்தப் பார்த்தான் இல்லடி?"

ஆமாம் என்றேன்.

ரிப்பேர்க்காரர் என் கண்ணுக்குச் சரிபண்ணித்தர சக்கரத்தில் விரல் வைத்தார். கையைப் பிடித்து நிறுத்தினேன். "வேணாம் சார், அது அப்படியே இருக்கட்டும்."

லைனில் இன்னும் என்னைக் கேலி பேசவிட்டுச் சிரிக்கிறார்கள். பேசுகிறேன். வீட்டுக்கு வந்தால் உன் கேமராவை எடுத்துக் கண்ணில் வைத்துக்கொள்கிறேன். "தெரியுதாம்மா?" என்கிறாள் என் மகள்.

மங்கல் என்கிறேன். இந்தத் தடவை உண்மை.