கடலுக்கு முதுகைக் காட்டிய இரண்டு குற்றாலக்காரர்கள்

மேலுலக நீர்வீழ்ச்சிப் பாதுகாப்புப் பிரிவின் ஏட்டையாவும் என் தாய்மாமாவுமாகிய தங்கள் சமூகத்துக்கு, அடியேன் பணிவுடன் தெரிவித்துக்கொள்ளும் தலைபோகிற செய்தி: பல மாதங்களாக அசைய மறுத்த உங்கள் நீலப் பையின் ஜிப், இன்று காலை திறந்துகொண்டது. இதை முன்னிட்டுத் தென்காசியில் கடையடைப்பு எதுவும் இல்லை. பள்ளிக்கூடங்கள் வழக்கம்போல இயங்கும். அதில்தான் எனக்குக் கொஞ்சம் வருத்தம்.

காய்கறி வாங்க ஆகும் என்று அம்மாதான் அந்தப் பையை எடுத்துக் கொடுத்தாள். ஜிப்பில் விளக்கெண்ணெய் விட்டு, பல்லால் கடித்து இழுத்தேன். திறந்ததும் வந்த வாசனையில் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன், மாமா. நல்லெண்ணெய், உப்பு, கொஞ்சம் மீன். உள்ளே ஒரு துண்டு அட்டை மாதிரி விறைத்துக் கிடந்தது. உதறினால் மணல்.

"எங்க உள்ள மண்ணுல இது?" என்று அம்மா கேட்டாள். அவளுக்குத் தெரியும். இந்தத் தெருவுக்கே தெரியும். தங்கசேரி மணல்.

போன வாரம் உங்களுக்கு முதல் தெவசம் நடந்தது. சாப்பாடு பிரமாதம்; அவியலில் மட்டும் உப்பு கம்மி. இலை போடுவதற்கு முன்னால் ஒரு விசாரணையும் நடந்தது. உங்கள் அண்ணன், அதாவது பெரிய மாமா, என்னை உங்கள் படத்துக்கு முன்னால் நிறுத்தினார். "கடலுக்குக் கூட்டிட்டுப் போனது தப்புதான்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு விழுந்து கும்பிடு. அதோட இந்தப் பேச்ச முடிச்சிருவோம்" என்றார். நான் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று உங்களுக்காவது தெரிய வேண்டும்.

உங்கள் உத்தியோகத்தைப் பற்றி எனக்கு எப்போதுமே ஓர் ஆச்சரியம் உண்டு. எங்கெங்கிருந்தோ சனங்கள் வந்து அருவியில் நனைவார்கள். நீங்கள் ஒருவர் மட்டும் காக்கிச் சட்டையில் காய்ந்துபோய் நிற்பீர்கள். முகம் கூட்டத்துக்கு, முதுகு அருவிக்கு. அருவிக்கு முன்னால் கட்டியிருக்கிற ஆர்ச்சைத் தாண்டித் தண்ணீர் விழத் தொடங்கினால் விசிலை ஊதி எல்லோரையும் வெளியே துரத்துவீர்கள். திருச்செந்தூர் சூரசம்காரத்துக்குப் பந்தோபஸ்து போனபோதும் இதே கதைதான். அங்கே முதுகு கடலுக்கு. "எத்தன தடவ போயிருக்கேன், காலு நனஞ்சதில்ல மருமவனே. பூட்ஸு நனஞ்சிருக்கு" என்று சொல்வீர்கள்.

அப்படிப்பட்டவருக்குத்தான் சிறுநீரகம் இரண்டும் வேலைநிறுத்தம் செய்தன. ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று டாக்டர் அளவு சொல்ல, அத்தை ஒரு சின்ன டம்ளரைத் தேர்ந்தெடுத்து அதைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு காவல் இருந்தாள். சாரல் அடிக்கும்போது நீங்கள் ஜன்னல் பக்கம் நகர்ந்தால்கூட, "அங்கன என்ன பாக்கிய?" என்று அதட்டினாள். டயாலிசிஸ் அன்று படுக்கையில் கிடந்தபடி நீங்கள் விடுகிற கதைகளைக் கேட்டு, இதற்கு டயலாக்ஸிஸ் என்று நான்தான் பெயர் மாற்றினேன். நர்ஸம்மாவே பிறகு அப்படித்தான் சொன்னார்.

அப்படி ஒரு நாள் படுத்திருந்தபோது கேட்டீர்கள். "ஏலே, தங்கசேரி தெரியுமா?"

"நகைக்கடையா?"

"கொல்லத்துக்குப் பக்கத்துல, கடலோரம். வெள்ளக்காரன் காலத்துல அது நம்ம திருநெல்வேலி ஜில்லா."

நான் நம்பவில்லை. போனில் தேடிப் பார்த்தேன். உண்மைதான். சுற்றிலும் திருவிதாங்கூர் ராஜாவின் நாடு. நடுவில் அந்தத் துண்டு நிலத்தை மட்டும் இங்கிலீஷ்காரன் தன் கையில் வைத்துக்கொண்டு, கணக்குக்குத் திருநெல்வேலியோடு சேர்த்திருக்கிறான். நம் செங்கோட்டையோ அப்போது ராஜாவிடம். நம் வீட்டு வாசல் அவர்களிடம், அவர்கள் வீட்டுக் கொல்லைப்புறம் நம்மிடம். அங்கே இருந்த சனங்களிடம் யாராவது ஒரு வார்த்தை கேட்டிருப்பார்களா?

"போவோமா?" என்றீர்கள்.

"அத்த கொன்னு போடும். டாக்டரும் பெரிய மாமாவும் மிச்சத்தக் கொல்லுவாவ."

"என் ஜில்லாவ நான் பாக்கதுக்கு எவன்ட்டல பெர்மிஷன் கேக்கணும்?"

அந்த ஒரு கேள்விக்காகவே நான் உங்கள் கட்சியில் சேர்ந்தேன். திட்டம் முழுவதும் என்னுடையது. அதில் எனக்கு வெட்கமே கிடையாது. டயாலிசிஸ் ஊசி இல்லாத நாளாகப் பார்த்தோம். விடியற்காலையில் இலஞ்சி முருகனைக் கும்பிடப் போகிறோம் என்று சொன்னோம். திரும்பி வரும்போது காட்டுவதற்குத் திருநீற்றைக்கூட முதல் நாளே கோயிலில் வாங்கிப் பொட்டலமாக வைத்துக்கொண்டேன். குற்றத்துக்கு முன்பே சாட்சியத்தைத் தயார் செய்தவன் என்று நீங்கள் எனக்கு ஒரு சல்யூட் அடித்தீர்கள். நியாயமாக நீங்கள் என்னைக் கைது செய்திருக்க வேண்டும்.

செங்கோட்டையைத் தாண்டி ரயில் மலைக்குள் நுழைந்ததும் உங்கள் முகமே மாறிவிட்டது. குகைக்குள் போகும்போதெல்லாம் ஊளையிட்டீர்கள். எதிரே இருந்த அம்மாள் என்னைத்தான் முறைத்தாள். ஊளையிட்டது ரிட்டயர் ஆகாத போலீஸ் என்று சொன்னால் நம்பியிருப்பாளா?

தங்கசேரியில் தங்கமும் இல்லை, நாம் தங்கவும் நேரமில்லை. சிவப்பும் வெள்ளையுமாக ஒரு கலங்கரை விளக்கம், பழைய கல்லறைகள், கடலைப் பார்த்து நிற்கிற ஒரு உடைந்த சுவர். போர்ச்சுக்கீசியன் கட்டினான், டச்சுக்காரன் பிடுங்கினான், இங்கிலீஷ்காரன் கடைசியாக வந்து உட்கார்ந்தான். "மூணு பேருமே கோட்டைய விட்டுட்டானுவ" என்று நான் சொல்ல, நீங்கள் சுவரில் கை வைத்துக்கொண்டு வெகுநேரம் சிரித்தீர்கள். பிறகு அந்தக் கல்லைத் தட்டி, "எவ்வளவு பெரிய ஆளு வந்தாலும் ஒருநா வெளிய போயித்தான் ஆவணும். இருக்க வரைக்கும் நல்லா இருந்துட்டுப் போயிரணும்" என்றீர்கள். நான் உடனே, "பரங்கியன் போயிட்டான், பரங்கிக்காய் மட்டும் நம்ம சாம்பார்லயே தங்கிட்டு" என்று பேச்சை மாற்றினேன். எனக்கு அந்தப் பேச்சு பிடிக்கவில்லை, மாமா.

அப்புறம்தான் குற்றாலத்துக்காரன் மட்டுமே செய்யக்கூடிய அந்தக் காரியத்தைச் செய்தோம். பையிலிருந்து நல்லெண்ணெய்ப் பாட்டிலை எடுத்தீர்கள்.

"மாமா, இது கடலு."

"குளிக்கப் போறவன் எண்ணெ தேய்க்காம எறங்குவானாலே? ஊருக்கு ஒரு மரியாத வேண்டாமா?"

உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை தேய்த்துக்கொண்டோம். உங்கள் முதுகுக்கு நான், என் முதுகுக்கு நீங்கள். மணலில் உட்கார்ந்து வலையைச் சீர் செய்துகொண்டிருந்த ஒரு பெரியவர் வேலையை விட்டுவிட்டு நம்மையே பார்த்தார்.

"எந்துவா சேட்டா இது? உழிச்சிலாணோ?" வைத்தியத்துக்கு எண்ணெய் போடுகிறோமா என்று கேட்கிறார்.

"குற்றாலம்!" என்றீர்கள், அதுவே பதில் என்பதுபோல.

"ஆஹா, குற்றாலம்! அவிடே இப்போ வெள்ளம் உண்டோ?"

அவர்களுக்கு வெள்ளம் என்றால் தண்ணீர். அது உங்களுக்குத் தெரியும். "அங்கன நெறயக் கெடக்கு. எனக்குத்தான் அளவு" என்றீர்கள். அவருக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. எண்ணெய்க் கையால் கண்ணைத் துடைத்து, கண் எரிந்தது வேறு கதை.

இறங்கினோம். அருவியில் குளித்தே வளர்ந்தவனுக்குத் தண்ணீர் என்றால் மேலேயிருந்து பிடரியில் விழுவது. தலையைக் குனிந்து, முதுகைக் கொடுத்து நிற்பான். அடி விழ விழ சுகம் என்பான். உடம்பு பழகிவிட்டது. நாம் இருவரும் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளாமலே கடலுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, முழங்காலில் கையை ஊன்றி, குனிந்து நின்றோம். கரையில் இருந்த பெரியவர் எழுந்து நின்று கையை ஆட்டி என்னமோ கத்தினார். நாமும் மரியாதையாகச் சிரித்துக் கையை ஆட்டினோம்.

பின்னாலிருந்து வந்தது அலை.

அடுத்து நடந்ததை நான் ஊருக்கே சொல்லியிருக்கிறேன். அலை அடித்தது; நீங்கள் சாய்ந்தீர்கள்; உங்கள் மருமகன் பாறையாக நின்று, உங்களை அள்ளித் தூக்கி, கடல் நீர் ஒரு சொட்டு வாய்க்குள் போகாமல் கரை சேர்த்தான். பள்ளியில் இதைச் சொன்னபோது அலையின் உயரம் இன்னும் கொஞ்சம் கூடியது.

கரையில் வந்து விழுந்தோம். எண்ணெய் உடம்பில் மணல் ஒட்டி, ரவையில் புரட்டிய மீன் மாதிரி இருந்தோம், பொரிக்க வேண்டியதுதான் பாக்கி. எவ்வளவு கழுவியும் போகவில்லை. பஸ்ஸில் வீடு வந்து சேர்ந்தபோது நான் திருநீற்றுப் பொட்டலத்தை நீட்டினேன். அத்தை அதை வாங்காமல் உங்கள் காதுக்குள் பார்த்தாள்.

"இலஞ்சிக் கோயில்ல கடக்கர எப்பம் வந்துது?"

ஏட்டையா ஒப்புக்கொள்வதற்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை. இதுதான் நீங்கள் எத்தனையோ திருடர்களை விசாரித்த லட்சணம்.

அதன் பிறகு சில மாதங்கள் கழித்துத்தான் உங்கள் இதயம் நின்றது. அதற்கும் கடலுக்கும் சம்பந்தமே இல்லை என்று டாக்டர் அத்தையிடம் நேராகவே சொன்னார். பெரிய மாமாவுக்கு டாக்டர் பேச்சு போதாது. உங்களைப் படுக்கையோடு காப்பாற்றி வைத்திருக்கலாம் என்று நினைக்கிறார். பாவம், அவரும் தம்பியைப் பறிகொடுத்தவர். கோபத்தை வைக்க ஓர் இடம் வேண்டும், என் தலை வாகாக இருக்கிறது.

தெவசத்தன்று அந்தத் தலையை நான் குனியவில்லை.

"சொல்லுலே" என்றார் பெரிய மாமா.

"மாட்டேன்."

அம்மா என் கையைக் கிள்ளினாள். "பெரியவாள எதுத்துப் பேசாத. ஒரு வார்த்ததானல, சொல்லிட்டுப் போ."

"ஒரு வார்த்ததான். ஆனா பொய். அந்த வருசம் பூரா மாமா நோயாளியாத்தான் இருந்தாவ. அன்னைக்கு ஒரு நா மட்டுந்தான் மாமாவா இருந்தாவ. அதத் தப்புன்னு சொன்னா, அந்த ஒரு நாளும் இல்லாமப் போயிரும். அவுகளே வந்து கேட்டாலும் சொல்ல மாட்டேன். திருப்பிக் கூப்பிட்டா திருப்பியும் போவேன்."

"வாயப் பாரு! கடல்ல விழுந்த மனுசன்லே அவன்!"

"விழுந்தா என்ன? நான்தான் தூக்குனம்லா!"

பெரிய மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார். மூலையில் இருந்த அத்தைதான் கேட்டாள். இவ்வளவு நாளில் அவள் இதைப் பற்றிக் கேட்பது அதுவே முதல் தடவை.

"அங்கன வச்சு சிரிச்சாவளா?"

"சிரிச்சாவ அத்த. அப்படிச் சிரிச்சாவ."

"எதுக்கு?"

மாமா, பெரிய மாமாவுக்கு முன்னால் தடுமாறாதவன் அங்கே தடுமாறிவிட்டேன். "சும்மா... அலையப் பாத்து" என்றேன். அத்தை என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு எழுந்துபோய், வாசலில் நின்றவரைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்து உட்கார வைத்தாள். அவருக்குப் பக்கத்திலேயே எனக்கும் இலை போட்டாள். அவர் என்னோடு பேசவில்லை. ஆனால் எழுந்து போகவும் இல்லை.

தப்பு என்று நான் இன்னும் சொல்லவில்லை, இனியும் சொல்லப்போவதில்லை. அந்த விஷயத்தில் உங்கள் மருமகன் பாறைதான். மற்ற விஷயத்தில்தான்...

சரி, உங்களுக்குத் தெரியாததா? சாய்ந்தது நீங்கள் இல்லை. அலை அடித்ததும் நீங்கள் ஒரு எட்டு முன்னே வைத்து நின்றுவிட்டீர்கள். குட்டிக்கரணம் போட்டு, மூக்கிலும் வாயிலும் உப்புத் தண்ணீர் ஏறி, "அம்மா, அம்மா" என்று அலறியது நான். என்னைத் தலைமுடியைப் பிடித்துத் தூக்கி நிறுத்தியது நீங்கள். அதுவும் ஊசி போடுகிற இடது கையால், கனம் எதுவும் தூக்கக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்த கையால். நின்று பார்த்தால் தண்ணீர் என் முழங்காலைக்கூடத் தொடவில்லை. அதைப் பார்த்துத்தான் அப்படிச் சிரித்தீர்கள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் பயந்துபோய் அந்தக் கையைத் தொட்டுப் பார்த்தேன். "ஓடுது மருமவனே, நல்லா ஓடுது" என்று என் விரலை எடுத்து, டயாலிசிஸுக்காக அந்தக் கையில் இணைத்துத் தைத்திருந்த ரத்தக்குழாயின் மேல் வைத்தீர்கள். தோலுக்கு அடியில் ஒரு தேனீ இருப்பதுபோல அதிர்ந்துகொண்டிருந்தது. அந்த அதிர்வு இப்போதும் என் விரல் நுனியில் இருக்கிறது.

எதுக்குச் சிரிச்சாவ என்று அத்தை கேட்டாளே, ஞாயிற்றுக்கிழமை போய் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். அவளுக்கு அது சேர வேண்டியது. பெரிய மாமா வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்துத்தான் போவேன். பள்ளியில் மட்டும், உங்கள் காலைப் பிடித்துக் கேட்டுக்கொள்கிறேன், அந்த அலை பனைமர உயரமாகவே இருந்துவிட்டுப் போகட்டும்.