ஹாட்டிஷுக்கு எதிராக விழுந்த அம்மாவின் ஓட்டு

செப்டம்பர் 14, புதன்

மினசோட்டா மாநிலத்துப் பெருமக்களுக்கு ஓர் அறிவிப்பு. லின்ட்வால் இல்லத்துச் சமையலறைச் சபை இன்று மாலை கூடியது. புதன்கிழமைதோறும் டூனா ஹாட்டிஷ் தொடர வேண்டும் என்று செனட்டர் மாரிட் லின்ட்வால் (என் அம்மா) கொண்டுவந்த தீர்மானம் மண்ணைக் கவ்வியது. டூனா மீன், நூடுல்ஸ், பட்டாணி, டப்பா காளான் சூப், மேலே நொறுக்கிய சிப்ஸ். எல்லாவற்றையும் ஒரே பாத்திரத்தில் சுட்டு நல்லடக்கம் செய்யும் சடங்கு இனி இல்லை.

அப்பா, தங்கச்சி டில்டா, நான் மூவரும் எதிர்ப்பு. அம்மா மட்டும் ஆதரவு. நான் முடிவை எழுதப்போகும் நேரத்தில் அம்மா, "இரு, என் ஓட்டையும் எதிர்ப்புன்னே எழுதிக்கோ" என்றாள். மாநில செனட்டில் இத்தனை வருஷம் உட்கார்ந்தவள், பதினாறு வயது ஈவரிடம் (நான்தான்) சரணாகதி! கரண்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மேஜையைச் சுற்றி ஆடினேன்.

செப்டம்பர் 15, வியாழன்

மோசடி. பட்டப்பகல் கொள்ளை!

சாப்பிட உட்கார்ந்ததும் அம்மா தொண்டையைச் செருமினாள். "நேத்துத் தீர்மானத்தை மறுபடி ஓட்டுக்கு விடணும்."

"தோத்தவங்க அதெல்லாம் கேக்க முடியாதும்மா."

"கரெக்ட். ஜெயிச்ச பக்கம் ஓட்டுப் போட்டவங்கதான் கேக்கலாம். செனட் விதி. நான் எந்தப் பக்கம் போட்டேன்?"

நானே என் கையால் எழுதி வைத்திருக்கிறேனே! அதற்குள் அப்பாவையும் டில்டாவையும் வளைத்துவிட்டாள். டில்டாவுக்கு லஞ்சம், சுடச்சுட ஆப்பிள் பை. அப்பாவுக்கு என்ன என்று கேட்காமல் இருப்பது என் மனநிம்மதிக்கு நல்லது. மூன்றுக்கு ஒன்று. ஹாட்டிஷ் உயிர்த்தெழுந்தது. நான் மட்டும் கடைசிவரை எதிர்த்து நின்றேன். வீரன்டா ஈவர்.

"ஆம்புலன்ஸ் மசோதாவையும் இப்படித்தான்டா காப்பாத்தினேன்" என்றாள். எங்கள் ஊர் ஆம்புலன்ஸுக்கு நிதி கேட்டு அவள் கொண்டுவந்த மசோதா. தோற்கப்போகிறது என்று தெரிந்ததும் தானே எதிர்த்து ஓட்டுப் போட்டாள். மறுநாள் அதே உரிமையில் திரும்பக் கொண்டுவந்து ஜெயித்தாள். அந்த வண்டியை அப்பாதான் சம்பளம் வாங்காமல் ஓட்டுகிறார்.

அப்பா ஓட்டுவது ஆம்புலன்ஸ். அம்மா போடுவது ஓட்டு. இரண்டு பேரும் சேர்ந்து ஓட்டுவது என்னை.

செப்டம்பர் 27, செவ்வாய்

தபாலில் பளபளவென்று ஓர் அட்டை. நவம்பர் தேர்தலில் அம்மாவை எதிர்த்து நிற்கும் டுவேன் ராஸ்கர் வீடு வீடாக அனுப்பியிருக்கிறார். அம்மா கொட்டாவி விடும் படம். கீழே: "உங்கள் ஆம்புலன்ஸுக்கு எதிராக ஓட்டுப் போட்டவர். செனட் பதிவையே பாருங்கள்." தேதிகூடச் சரி. பொய்யென்று ஒரு சொல் இல்லை. மறுநாள் நடந்ததை மட்டும் விட்டுவிட்டார்.

கொட்டாவியைப் பார்த்துச் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை. நானும் நிறுத்திக்கொண்டேன்.

அக்டோபர் 3, திங்கள்

அம்மாவோடு ஆணி வாங்கப் போனேன். கல்லாவில் லவான் ஆன்ட்டி. ஜனவரியில் அவர் கணவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பனியில் விழுந்தபோது, அந்த ஆம்புலன்ஸ்தான் வந்து காப்பாற்றியது.

"மாரிட், வேண்டாம்னு போட்டியா இல்லையா?"

"போட்டேன் லவான். ஆனா விதிப்படி மறுபரிசீலனைக்கு—"

"விதி கிதியெல்லாம் எனக்குத் தெரியாதும்மா. என் வீட்டுக்காரரு பனியில உறைஞ்சு கிடந்தாரு. நீ செனட்டுல வேண்டாம்னு போட்டிருக்க."

அம்மா காசைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தாள். வீடு வரைக்கும் காரின் வலப்பக்க இண்டிகேட்டர் மினுக்கிக்கொண்டே வந்தது. அணைக்க மறந்துவிட்டாள். நான் கிண்டல் செய்யவில்லை. (எனக்கு உடம்பு சரியில்லையோ?)

அக்டோபர் 5, புதன்

"அந்த ஓட்டைப் பதிவுலேர்ந்து எடுக்கச் சொல்ல முடியாதாம்மா?"

"அழிக்க முடியாதுடா. அதுக்குப் பின்னாடி இன்னொண்ணு எழுதத்தான் முடியும்."

ஹாட்டிஷ். யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

அக்டோபர் 8, சனி

நாளை தீயணைப்பு நிலையத்தில் பான்கேக் விருந்து. ஊரே வரும். அம்மா பேசினால் ஊரே தூங்கும். ஆகவே நான் பேசப்போகிறேன். பேச்சு தயார். கண்ணாடி முன் ஒத்திகை பார்த்தேன். கண்ணாடி கைதட்டாததுதான் குறை.

அக்டோபர் 9, ஞாயிறு

மாபெரும் வெற்றி!

அம்மா "மறுபரிசீலனை" என்று ஆரம்பித்ததுமே கூட்டம் சிரப் பாட்டிலைத் தேடத் தொடங்கியது. நான் எழுந்தேன். ஹாட்டிஷ் கதையை எடுத்துவிட்டேன். கூடமே குலுங்கிச் சிரித்தது. லவான் ஆன்ட்டி முள்கரண்டியைக் கீழே வைத்தார்.

"அப்போ... திரும்பக் கொண்டுவரத்தான் வேண்டாம்னு போட்டியா, மாரிட்?"

அம்மா தலையாட்டினாள்.

"அடிப்பாவி, இதை அன்னிக்கே ஹாட்டிஷ்னு சொல்லித் தொலைச்சிருக்கலாமில்ல!"

நாவரசர் ஈவர் லின்ட்வால் வாழ்க.

நவம்பர் 8, செவ்வாய்

ஓட்டுப்பதிவு. வீட்டில் நான்கு பேரும் மாறி மாறிக் கழிப்பறைக்கு ஓடுகிறோம். ஹாட்டிஷ்மேல் பழிபோட வழியில்லை, இன்று புதன் இல்லை.

நவம்பர் 9, புதன்

ஜெயித்துவிட்டாள். மயிரிழையில்.

முதல் ஃபோன் லவான் ஆன்ட்டியுடையது. அம்மா வாழ்த்தைக் கேட்டுவிட்டு, "இரு, யாரால ஜெயிச்சேனோ அவங்ககிட்டயே சொல்லு" என்று ஃபோனை நீட்டினாள். டில்டாவிடம்.

ம். சரி.

அக்டோபர் 9 பக்கத்தைக் கிழித்துவிடலாமா என்று பார்த்தேன். அழிக்க முடியாதாம், பின்னாடி எழுதத்தான் முடியுமாம். எழுதித் தொலைக்கிறேன்.

திருத்தம்: அன்றைக்கு நான் எழுந்தது உண்மை. "பெருமக்களே" என்றேன். அதற்கு மேல் ஓர் எழுத்து வரவில்லை. காது இரண்டும் பற்றி எரிந்தது. அப்போதுதான் ஒன்பது வயது டில்டா நாற்காலிமேல் ஏறி, "எங்க அண்ணனை அம்மா இப்படித்தான் ஏமாத்தினாங்க!" என்று கத்தி முழுக்கதையையும் சொன்னாள். கரண்டியோடு நான் ஆடிய ஆட்டத்தையும் ஆடிக் காட்டினாள். கூடம் குலுங்கியது அதற்குத்தான்.

இன்னொரு திருத்தம்: செப்டம்பர் 15. மூன்றுக்கு ஒன்று இல்லை. நான்குக்குப் பூஜ்யம். கடைசியில் நானும் கை தூக்கினேன். பாத்திரத்து மூலையில் சிப்ஸ் மொறுமொறுவென்று கருகியிருக்குமே, அந்தத் துண்டுக்காக. எனக்கு ஹாட்டிஷ் பிடிக்கும். எப்போதுமே பிடிக்கும்.

இன்று அம்மா கேட்கவேயில்லை. மூலைத் துண்டை நேராக என் தட்டில் வைத்தாள். என் ஓட்டுப் பதிவு முழுக்க அவளுக்கு மனப்பாடம்.