ஏழு நிமிடக் கலியாணப் பேச்சு

பலெர்மோ,
18.06.2007

அன்பு மகள் மொனிகாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம், அப்பாவின் முழங்கால் மட்டும் சுகமில்லை. அங்கே நோர்வேக் குளிரில் நீ முழுதாகச் சுகமாயிருக்க மாதாவை மன்றாடுகிறேன். தொலைபேசியில் கலியாணம் என்று வாய் திறந்தாலே உனக்கு லைன் அறுந்துவிடுகிறது, அதனால்தான் கடிதம்.

நான் வீட்டுவேலை செய்யும் லிபெர்த்தா சிஞோரா யூதர் என்பது உனக்குத் தெரியும். அவருடைய மகனுக்கு நாற்பது ஆகப்போகிறது, இன்னும் தனி ஆள். பலெர்மோவில் யூதக் குடும்பங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம், பெண்ணுக்கு எங்கே போவது? அதனால் போன மாதம் ரோமாபுரி, மிலானோவிலிருந்தெல்லாம் யூதப் பிள்ளைகளை அழைத்து மொண்டெல்லோவில் ஒரு ஹோட்டலில் ஸ்பீட் டேட்டிங் வைத்தார்கள். சிஞோராவைக் கைபிடித்து நான்தான் கூட்டிப்போனேன். அதில் கலந்துகொள்ளும் முறையைச் சொல்கிறேன், தெரிந்து வைத்துக்கொள். பெண்கள் மேசையில் இருக்க, மணி அடிக்கும்போதெல்லாம் ஆண்கள் மேசை மாறவேண்டும். ஒருவருக்கு ஏழு நிமிடம். என்ன வேலை, எங்கே வீடு என்று கேட்கக்கூடாது, இந்தச் சட்டத்தை எங்கள் ஆட்களுக்குப் போட்டால் ஏழு நிமிடமும் ஊமையாக இருப்பார்கள். பிடித்தவருக்கு அட்டையில் அடையாளம் போடவேண்டும், இரண்டு பேரும் போட்டால்தான் தொலைபேசி எண் கிடைக்கும். ஒருவர் போடாவிட்டால் நடத்துகிறவர்கள் அதை வெளியே மூச்சும் விடமாட்டார்கள், யாருக்கும் வெட்கக்கேடில்லை. தாய்மாருக்கு உள்ளே இடமே கிடையாது. நாங்கள் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றோம், ஒரு மேசையில் மகன் சிரித்ததற்கே சிஞோரா என் கையை நசுக்கிவிட்டார்.

இதைப் பூசை முடிந்து நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் சொல்ல, போன ஞாயிறு எங்கள் தமிழ்ப் பங்கு மண்டபத்திலும் நடத்திவிட்டார்கள். மணி, மேசை, அட்டை எல்லாம் அச்சொட்டாக அதேதான். மேசையில் இருந்தது மட்டும் தாய் தகப்பன்மார், பிள்ளைகளைத் தேத்தண்ணி போடக் குசினிக்கு அனுப்பிவிட்டார்கள். நீ இல்லாவிட்டாலும் உனக்காக நான் இருந்தேன். முதல் வந்தவர் இருக்கமுன்னமே "ஊர் மன்னாரோ தீவோ, பெர்மெஸ்ஸோ விசா எத்தினை வருசத்துக்கு?" என்று தொடங்கினார். கடைசியாக மாக்கிரட் வந்தார், மொண்டெல்லோ உணவகத்தில் சமைக்கிற கிரிசாந்தின் தாய். எனக்கு அவரைப் பிடித்தது, அவருக்கு என்னைப் பிடித்தது, மணி அடிக்கமுன் உனக்கும் கிரிசாந்துக்கும் பிறக்கப்போகும் மூத்த பிள்ளையின் ஞானஸ்நானம்வரை வந்துவிட்டோம்.

அடையாளம் போடமுன் தேத்தண்ணி எடுக்கக் குசினிக்குப் போனேன். கிரிசாந் ரோல்ஸ் பொரித்துக்கொண்டு நின்றான். "தம்பி, நானும் அம்மாவும் எல்லாம் கதைச்சிட்டம்" என்றேன். அவன் அடுப்பை நிற்பாட்டிவிட்டு, "அன்ரி, நான் மொனிகாவிட்டைப் போன வருசமே கேட்டனான். விருப்பமில்லை எண்டு நல்லமாதிரித்தான் சொன்னவ. அம்மாவுக்குத் தெரியாது, தெரிஞ்சா தாங்கமாட்டா" என்றான். கண் கலங்கியிருந்தது, எண்ணெய்ப் புகை என்றான். எனக்கு உன்மேல் வந்த கோபம் கொஞ்சமில்லை. இப்படி ஒரு பிள்ளையை ஏனடி வேண்டாமென்றாய், அதை எனக்கு ஏன் சொல்லவில்லை? நான் அப்படிக் கத்துகிற தாயா? சரி, கத்துவேன்தான்.

திரும்பி வந்து மாக்கிரட்டின் பெயருக்கு நேரே ஒன்றும் போடாமல் விட்டேன். போட்டிருந்தால் அவர் அன்றைக்கே உன்னைத் தொலைபேசியில் அழைப்பார், அவன் மறைத்தது வெளியே வந்து சந்தி சிரிக்கும். போடாததை யாரும் சொல்லமாட்டார்கள் என்றுதான் நம்பினேன். ஆனால் இதை நடத்திய பேனாட் மாஸ்டர் மைக்கைப் பிடித்து, யார் யாருக்குப் போட்டது, யார் போடாமல் விட்டது என்று ஒன்றும் மிச்சம் வைக்காமல் வாசித்தார். மாக்கிரட் எனக்குப் போட்டிருந்தார். இப்போது மாக்கிரட்டின் வாயில் எனக்குத் தலைக்கனமாம், நோர்வே மாப்பிள்ளைக்கு வலை வீசுகிறேனாம். கபோ சந்தையில் என்னைக் கண்டால் மீன்காரன் பக்கம் திரும்பிவிடுகிறார். பதினைந்து வருடச் சிநேகிதி, வலிக்கத்தான் செய்கிறது.

மாதா உன்னைக் காப்பாராக. நேரத்துக்குச் சாப்பிடு, காதை மூடாமல் வெளியே போகாதே. பிடித்தவனைப் பற்றி எழுது, பிடிக்காதவனைப் பற்றியும் எழுது. இனி உன் மேசையில் நான் இருக்கமாட்டேன்.

உன் அம்மா
எமிலியானா